கணினிக் கார்ப் பந்தயத்துக்கு ஸ்டியரிங் வீலும் பெடலும்: தேர்ந்தெடுத்து, பொருத்தி, இணைக்கும் முறை

என் முதல் ஸ்டியரிங் வீல் தொகுப்பு வீட்டுக்கு வந்து பன்னிரண்டு நாள்கள் கழிந்த பிறகே நான் ஒரு சுற்றை முழுதாக ஓட்டி முடித்தேன். பொருளில் எந்தக் குறையும் இல்லை. மேசைப் பலகை அதன் இழுப்பைத் தாங்கவில்லை; பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் நாற்காலி பின்னால் உருண்டது; அவை சரியானபின், கணினி கண்டுகொண்ட வீலை விளையாட்டு கண்டுகொள்ளவில்லை. ஒவ்வொன்றும் அரைமணி நேரத்தில் தீரக்கூடிய சிக்கல்தான். எதை முதலில் செய்ய வேண்டும், எதைப் பிறகு செய்ய வேண்டும் என்று தெரியாததால் நாள்கள் வீணாயின. அந்த வரிசையைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். பணம் கொடுப்பதற்கு முன்பே கடைசிவரை ஒருமுறை படித்துவிடுங்கள். பின்பகுதியில் வரும் சில சிக்கல்கள் வாங்கும்போதே தவிர்க்கக்கூடியவை.

1. பொருத்தும் இடத்தை முதலில் முடிவு செய்யுங்கள்

பெரும்பாலானோர் எந்த வீல் வாங்குவது என்ற கேள்வியிலிருந்து தொடங்குகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். வீல் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், அதைப் பிடித்திருக்கும் பலகை ஆடினால், கைக்கு வர வேண்டிய நுண்ணிய அதிர்வெல்லாம் பலகையிலேயே அடங்கிவிடும். ஆகவே மேசை விளிம்பில் கிளாம்ப் போடப் போகிறீர்களா, மடக்கி வைக்கக்கூடிய ஸ்டாண்டு வாங்கப் போகிறீர்களா, இருக்கையும் சட்டமும் ஒன்றாக அமைந்த ரிக் வைக்க இடம் இருக்கிறதா என்பதை முதலில் தீர்மானியுங்கள்.

மேசைதான் என்றால் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு சிலவற்றை அளந்து எழுதிவையுங்கள். பலகையின் தடிமன், பலகைக்கு அடியில் இழுப்பறையோ இரும்புச் சட்டமோ குறுக்கே வருகிறதா என்பது, உட்கார்ந்த நிலையில் முழங்காலுக்கும் பலகைக்கும் உள்ள இடைவெளி, பெடல் வைக்கும் இடத்துக்குப் பின்னால் சுவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது ஆகியவை முக்கியம். ஒவ்வொரு வீலின் கிளாம்பும் எத்தனை தடிமன் வரை பிடிக்கும் என்பது அதன் கையேட்டில் இருக்கும். தயாரிப்பாளரின் இணையதளத்தில் கையேட்டை முன்கூட்டியே பதிவிறக்கிப் பார்க்கலாம். நான் அதைப் பார்க்காமல் வாங்கியதால், பலகைக்கு அடியில் இருந்த விளிம்புக் கட்டை கிளாம்பை உட்கார விடவில்லை.

நாற்காலியையும் இப்போதே யோசித்துவிடுங்கள். சக்கரம் வைத்த அலுவலக நாற்காலியில் உட்கார்ந்து பிரேக்கை அழுத்தினால் நாற்காலி பின்னால் போகும். சக்கரங்களைக் கழற்றிவிடுவது, சக்கரத்தை உட்காரவைக்கும் கிண்ணங்களை வாங்குவது, பெடல் பலகையையும் நாற்காலியின் காலையும் உறுதியான நாடாவால் கட்டிவிடுவது ஆகிய மூன்றுமே பலன் தரும். செலவே இல்லாமல் முடிப்பது நாடாதான். சாய்மானம் பின்னால் சரியும் நாற்காலி என்றால் அதைப் பூட்டிவிடுங்கள். பூட்டு இல்லாத நாற்காலியில் கனமான பிரேக் பெடல் வேண்டாம்.

2. கணினியோடும் கன்சோலோடும் பொருந்துமா என்று பாருங்கள்

விண்டோஸ் கணினியில் மட்டும் ஓட்டுவதாக இருந்தால் சந்தையில் உள்ள ஏறக்குறைய எல்லா வீலும் வேலை செய்யும். பிளேஸ்டேஷனிலோ எக்ஸ்பாக்ஸிலோ ஓட்டும் எண்ணமும் இருந்தால், அந்தக் கன்சோலுக்கு உரிமம் பெற்ற மாடலைத்தான் வாங்க வேண்டும். எடுத்துக்காட்டாக, லாஜிடெக்கின் ஜி29 பிளேஸ்டேஷனுக்கும் கணினிக்கும் உரியது. அதே குடும்பத்தின் ஜி920 எக்ஸ்பாக்ஸுக்கும் கணினிக்கும் உரியது. தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோல இருப்பதால் பெட்டியின் மேல் எழுதியிருப்பதைப் படித்துப் பார்த்தே வாங்குங்கள்.

லினக்ஸ் பயன்படுத்துவோர் வாங்கும் முன் அந்தக் குறிப்பிட்ட மாடலுக்கு டிரைவர் மென்பொருள் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். லாஜிடெக் வீல்கள் பலவற்றுக்கு ஆதரவு லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிலேயே இருக்கிறது. வேறு சில நிறுவனங்களின் வீல்களுக்குத் தனியாக டிரைவர் நிறுவ வேண்டியிருக்கும்.

3. வீல்பேஸ்: கியர், பெல்ட், டைரக்ட் டிரைவ்

கையில் பிடிக்கும் வட்டத்தை வீல் என்றும், மோட்டார் உள்ள பெட்டியை வீல்பேஸ் என்றும் சொல்வார்கள். சாலையின் மேடுபள்ளத்தையும் டயரின் பிடிப்பையும் கைக்கு உணர்த்தும் ஃபோர்ஸ் ஃபீட்பேக் அந்த மோட்டாரிலிருந்து வருகிறது. மோட்டாரின் விசை கைக்கு எப்படி வந்து சேர்கிறது என்பதை வைத்து மூன்று வகைகள் உள்ளன.

கியர் வகையில் (லாஜிடெக் ஜி29, ஜி920, ஜி923) பற்சக்கரங்கள் வழியாக விசை வருகிறது. உறுதியானது, நீண்டநாள் உழைக்கும். ஆனால் நடுப்பகுதியில் சிறு தளர்வும், குலுக்கும்போது கடகட ஒலியும் இருக்கும். பெல்ட் வகை (த்ரஸ்ட்மாஸ்டர் டி300 போன்றவை) மென்மையாகவும் குறைந்த ஒலியோடும் இயங்கும். டைரக்ட் டிரைவ் வகையில் மோட்டாரின் அச்சிலேயே வீல் பூட்டப்படுவதால் இடையில் எதுவும் இல்லை. நுண்ணிய அதிர்வும் தெளிவாகக் கைக்கு வரும். ஃபானடெக் சிஎஸ்எல் டிடி, மோசா ஆர்5, லாஜிடெக் ஜி ப்ரோ ஆகியவை இந்த வகையைச் சேர்ந்தவை.

விளம்பரத்தில், வீலைத் திருப்பும் விசையைக் குறிக்கும் நியூட்டன் மீட்டர் என்ற அளவைப் பார்ப்பீர்கள். ஜி29 ஏறக்குறைய 2 நியூட்டன் மீட்டர். மோசா ஆர்5 5.5, லாஜிடெக் ஜி ப்ரோ 11. 30 செ.மீ. விட்டமுள்ள வீலில் 8 நியூட்டன் மீட்டர் என்றால், விளிம்பில் ஏறக்குறைய ஐந்தரை கிலோ எடையைத் தொங்கவிட்ட அளவு இழுப்பு. 2 நியூட்டன் மீட்டரில் அது ஒன்றரை கிலோவைக்கூட எட்டாது. சாதாரணக் கணினி மேசைக்கு 5 நியூட்டன் மீட்டருக்கு மேல் வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மேசை தாங்காமல் விசையைக் குறைத்துவைத்தே ஓட்டுவீர்கள் என்றால், கூடுதல் விசைக்குக் கொடுத்த பணம் பயன்படாமல் கிடக்கும்.

ஒரு கண்ணியை இங்கே சொல்லியாக வேண்டும். சில வீல்பேஸ்கள் விளம்பரத்தில் சொல்லும் விசையை, தனியாக விற்கப்படும் பெரிய மின் அடாப்டரோடு மட்டுமே தரும். சிஎஸ்எல் டிடி அதற்கு நல்ல எடுத்துக்காட்டு: 90 வாட் அடாப்டரில் 5 நியூட்டன் மீட்டர், 180 வாட் அடாப்டரில் 8 நியூட்டன் மீட்டர். பெட்டிக்குள் எந்த அடாப்டர் வருகிறது என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். அதேபோல, டைரக்ட் டிரைவ் பேஸ்கள் பலவற்றில் கைப்பிடி வீலையும் தனியாக வாங்க வேண்டியிருக்கும். ஒரு நிறுவனத்தின் வீல் இன்னொரு நிறுவனத்தின் பேஸில் நேரடியாகப் பொருந்துவது அரிது. ஆகவே முதல் பேஸை வாங்கும்போதே அடுத்து வாங்கப் போகும் வீல்களின் நிறுவனத்தையும் ஏறக்குறையத் தீர்மானித்துவிடுகிறீர்கள்.

4. பெடல்: பணத்தை இங்கே போடுங்கள்

சுற்று நேரத்தைக் குறைப்பது வீலைவிடப் பிரேக் பெடல்தான் என்பது என் அனுபவம். வளைவுக்கு முன் எவ்வளவு பிரேக் பிடிக்கிறோம், எப்போது விடத் தொடங்குகிறோம் என்பதில்தான் ஒவ்வொரு வளைவும் நல்லபடி அமைகிறது. அது ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி அமைய வேண்டுமானால், காலுக்கு நம்பத்தக்க ஓர் அளவு வேண்டும்.

பெடலுக்குள் இருக்கும் உணரியை வைத்தே அதன் தரம் அமைகிறது. பொட்டென்சியோமீட்டர் என்பது உராயும் பாகம். தூசி சேர்ந்தும் தேய்ந்தும் போகும்போது, நீங்கள் காலை அசைக்காமலே அளவு துள்ளத் தொடங்கும். ஹால் உணரி காந்தப்புலத்தை அளப்பதால் உராய்வு இல்லை, நீண்டநாள் உழைக்கும். இந்த இரண்டுமே பெடல் எவ்வளவு தூரம் நகர்ந்தது என்பதை அளப்பவை. லோட் செல் அப்படி இல்லை. நீங்கள் எவ்வளவு விசையோடு அழுத்துகிறீர்கள் என்பதை அது அளக்கிறது. உண்மையான காரிலும் பிரேக் பெடல் சிறிது தூரம் சென்றதும் இறுகிவிடுகிறது. அதன்பின் விசைதான் கூடுகிறது. பெடல் எந்த இடத்தில் இருந்தது என்பதைவிட, எவ்வளவு அழுத்தினோம் என்பதைக் கால் நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளும்.

ஆக்சிலரேட்டருக்கும் கிளட்சுக்கும் ஹால் உணரி போதும். பிரேக்குக்கு மட்டும் லோட் செல் இருந்தால் நல்லது. இப்போது வாங்க முடியாவிட்டால், பின்னர் லோட் செல் பிரேக்கைத் தனியாகச் சேர்க்கக்கூடிய பெடல் தொகுப்பைத் தேர்ந்தெடுங்கள். ஆனால் லோட் செல் பிரேக்கை நாற்பது, ஐம்பது கிலோ விசையோடு மிதிக்க நேரும் என்பதை மறக்க வேண்டாம். பெடலைத் தரையில் வெறுமனே வைத்து மிதித்தால் அது நகர்ந்துவிடும். சுவரோடு ஒட்டி வைக்க வேண்டும், அல்லது ஸ்டாண்டிலோ ரிக்கிலோ திருகிப் பூட்ட வேண்டும். முதல் படியில் சுவரின் தூரத்தை அளக்கச் சொன்னது இதற்காகத்தான்.

கியர் ஷிஃப்டர், கைப்பிரேக் ஆகியவற்றை முதல் நாளே வாங்க வேண்டாம். வீலின் பின்னால் உள்ள, கியர் மாற்றும் இரு துடுப்புகளே பெரும்பாலான பந்தயக் கார்களுக்குப் போதும்.

5. செலவைப் பிரிக்கும் முறை

வீல், பெடல் ஆகியவற்றின் விலையை மட்டும் கூட்டிப் பார்த்துத் திட்டமிட்டால் கண்டிப்பாகத் துண்டு விழும். ஸ்டாண்டு, தனி அடாப்டர், தனி வீல், நீளமான யுஎஸ்பி கேபிள், திருகுகள், வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்க வரியும் அனுப்பும் கட்டணமும் ஆகியவை எல்லாம் பின்னால் வந்து சேரும். கையிலுள்ள தொகையில் ஐந்தில் ஒரு பங்கை இவற்றுக்கென்று ஒதுக்கிவிட்டு, மீதியில் வீலையும் பெடலையும் தேர்ந்தெடுங்கள். தொகை குறைவாக இருந்தால் டைரக்ட் டிரைவையும் மலிவான பெடலையும் சேர்த்து வாங்குவதைவிட, கியர் வகை வீலையும் உறுதியான ஸ்டாண்டையும் வாங்குவது நல்லது என்பேன்.

6. ரசீதும் வரிசை எண்ணும்

உத்தரவாதக் காலம் பொதுவாக ரசீதில் உள்ள தேதியிலிருந்தே கணக்கிடப்படும். ரசீதில் மாடல் பெயரும் வரிசை எண்ணும் இருக்கின்றனவா என்று பார்த்து, இல்லையென்றால் எழுதித் தரச் சொல்லுங்கள். வீல்பேஸ், பெடல், வீல் மூன்றுக்கும் தனித்தனி வரிசை எண்கள் இருக்கலாம். பேஸை மேசையில் பூட்டிவிட்டால் அடியில் உள்ள எண்ணைப் படிக்க முடியாது. பெட்டியைப் பிரித்த உடனே எல்லா எண்களையும் படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். திருப்பிக் கொடுக்கும் காலக்கெடு எத்தனை நாள் என்று கேட்டு, அதற்குள் முழுச் சோதனையையும் முடித்துவிடுங்கள். பெட்டியையும் உள்ளே வந்த பொதியையும் அந்தக் கெடு முடியும்வரை தூக்கிப்போடாதீர்கள். ஸ்டாண்டு வரவில்லையே என்று காத்திருந்ததில் என் கெடு முடிந்துபோனது. ஆகவே ஸ்டாண்டை முதலில் தருவித்துக்கொண்டு, அது வந்தபின் வீலை வாங்குங்கள்.

பழைய பொருள் வாங்குவோர் அதை இயக்கிக் காட்டாமல் பணம் கொடுக்க வேண்டாம். மின்சாரம் கொடுத்ததும் வீல் இருபுறமும் சுழன்று நடுவில் வந்து நிற்கிறதா, பெடலை மெதுவாக மிதிக்கும்போது அளவு துள்ளாமல் ஏறுகிறதா, அசல் அடாப்டர் உடன் இருக்கிறதா என்று பாருங்கள். லாஜிடெக் ஜி27 போன்ற பழைய மாடல்களை இன்றைய ஜி ஹப் மென்பொருள் ஏற்காது. அதற்குப் பழைய லாஜிடெக் கேமிங் சாஃப்ட்வேரை நிறுவ வேண்டும்.

7. இணைக்கும் வரிசை

இங்கே அவசரப்படாதீர்கள்; ஒரு மணி நேரத்தை ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

வீல்பேஸையும் பெடலையும் முதலில் உறுதியாகப் பூட்டுங்கள். தளர்வாக மேசையில் வைத்துக்கொண்டு மின்சாரம் கொடுத்தால், வீல் தானாகச் சுழலும்போது பேஸ் உருண்டு கீழே விழலாம்.

அடுத்து, கேபிள் எதையும் செருகாமல், தயாரிப்பாளரின் டிரைவர் மென்பொருளை நிறுவிக் கணினியை மறுதொடக்கம் செய்யுங்கள். லாஜிடெக்குக்கு ஜி ஹப், மோசாவுக்குப் பிட் ஹவுஸ் என்று ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒன்று உண்டு. தயாரிப்பாளரின் இணையதளத்திலிருந்து மட்டுமே பதிவிறக்குங்கள்.

பிறகு பெடல் கேபிளை வீல்பேஸில் செருகுங்கள். சில பெடல்களில் பேஸோடு இணைக்க ஒரு கேபிளும் கணினியோடு நேரடியாக இணைக்க யுஎஸ்பி கேபிளும் இருக்கும். இரண்டில் ஒன்றை மட்டும் பயன்படுத்துங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் செருகக் கூடாது. பல பெடல்களின் சிறு சதுரச் செருகி தொலைபேசிச் செருகியைப் போலவும், சில மாடல்களில் இணையக் கேபிளின் செருகியைப் போலவும் இருக்கும். அதைக் கணினியின் இணையத் துளையில் செருகிவிடாதீர்கள்.

அதன்பின் மின் அடாப்டரை இணையுங்கள். பெட்டியில் வந்த அடாப்டரையோ அந்தப் பேஸுக்கென்று தயாரிப்பாளரே தனியாக விற்கும் அடாப்டரையோ தவிர வேறு எதையும், முனை பொருந்துகிறது என்பதற்காகச் செருக வேண்டாம். கடைசியாக யுஎஸ்பி கேபிளைக் கணினியின் பின்புறம், மதர்போர்டிலேயே உள்ள துளையில் செருகுங்கள். யுஎஸ்பி ஹப் வழியாக இணைத்ததால் என் வீல் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை துண்டிக்கப்பட்டது. அதற்குக் காரணம் ஹப் என்று கண்டுபிடிக்க இரண்டு மாலைகள் ஆயின.

கியர், பெல்ட் வகை வீல்கள் இப்போது தாமாகவே இடமும் வலமும் கடைசிவரை சுழன்று நடுவில் நிற்கும். அது முடியும்வரை வீலைத் தொடாதீர்கள், பெடலிலும் கால் வைக்காதீர்கள். தடுத்துவிட்டால் நடுப்புள்ளி தவறாகப் பதிந்து, கார் எப்போதும் ஒரு பக்கமாகவே இழுக்கும். டைரக்ட் டிரைவ் பேஸ்கள் பொதுவாக இப்படிச் சுழலுவதில்லை. வீலை நேராகப் பிடித்துக்கொண்டு மென்பொருளில் நடுப்புள்ளியைப் பதிய வேண்டும். சுழற்சி முடிந்ததும் மூன்று பெடல்களையும் ஒருமுறை முழுவதும் மிதித்து விடுங்கள். லாஜிடெக் போன்ற தொகுப்புகளில் பெடலின் முழு வீச்சு அப்போதுதான் பதியும்.

வீல்பேஸுக்குள்ளேயே இருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரைப் புதுப்பிக்கச் சொல்லி மென்பொருள் கேட்டால் இந்த நேரத்திலேயே செய்துவிடுங்கள். அது முடியும்வரை கேபிளைப் பிடுங்கக் கூடாது. மின்வெட்டு வரக்கூடிய நேரத்தில் தொடங்கவும் கூடாது.

8. விளையாட்டைத் திறப்பதற்கு முன் விண்டோஸில் சோதியுங்கள்

விண்டோஸ் விசையோடு ஆர் விசையை அழுத்தி, வரும் பெட்டியில் ஜே, ஓ, ஒய், புள்ளி, சி, பி, எல் என்று ஆங்கில எழுத்துகளில் இடைவெளியின்றித் தட்டுங்கள். இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியல் வரும். உங்கள் வீலைத் தேர்ந்தெடுத்து அதன் பண்புகளைத் திறந்தால், வீலைத் திருப்பும்போதும் பெடலை மிதிக்கும்போதும் பட்டைகள் நகர்வதைக் காணலாம். மிகவும் எளிய, மிகவும் பயனுள்ள சோதனை இது. இங்கே எல்லாம் சரியாக நகர்ந்து விளையாட்டில் மட்டும் வேலை செய்யவில்லை என்றால் சிக்கல் விளையாட்டின் அமைப்பில் இருக்கிறது. இங்கேயே நகரவில்லை என்றால் கேபிளையோ டிரைவரையோ பாருங்கள்.

பொத்தான்கள் எல்லாம் வேலை செய்தும் வீலில் இழுப்பு மட்டும் இல்லையா? பெரும்பாலும் அடாப்டர் முழுதாகச் செருகப்படவில்லை என்று பொருள். பல மாடல்களில் யுஎஸ்பி மின்சாரத்திலேயே பொத்தான்கள் வேலை செய்துவிடுவதால் இந்தத் தவறு கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆக்சிலரேட்டரும் பிரேக்கும் ஒரே பட்டையில் எதிரெதிர்த் திசையில் நகர்ந்தால், மென்பொருளில் பெடல்களை ஒன்றாக இணைக்கும் தேர்வு போடப்பட்டிருக்கிறது, அதை எடுத்துவிடுங்கள்.

விண்டோஸின் மின்சேமிப்பு அமைப்பில், யுஎஸ்பி கருவிகளைத் தற்காலிகமாக நிறுத்தும் தேர்வு ஒன்று உண்டு. அதையும் நிறுத்திவிடுங்கள். டைரக்ட் டிரைவ் பேஸ் வேகமாக இழுக்கும் தருணங்களில் மட்டும் பெடல் துண்டிக்கப்பட்டால், மோட்டாரின் மின்காந்த இடையூறு காரணமாக இருக்கலாம். பெடல் கேபிளை மின் கேபிளிலிருந்து விலக்கி, இரு முனைகளிலும் அந்த இடையூறைத் தணிக்கும் ஃபெரைட் வளையம் மாட்டிப் பாருங்கள்.

9. விளையாட்டுக்குள் அமைத்தல்

ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடை வழியாக விளையாடுவோர், அந்த விளையாட்டுக்கு ஸ்டீம் இன்புட் என்ற தேர்வை அணைத்துவிடுங்கள். அது வீலைச் சாதாரணக் கேம்பேடாக மாற்றிக் காட்டுவதால் ஃபோர்ஸ் ஃபீட்பேக் காணாமல் போகும், அல்லது விளையாட்டு வீலையே கண்டுகொள்ளாது. என் பன்னிரண்டு நாள்களில் கடைசி மூன்று இதில்தான் கழிந்தன.

டிரைவர் மென்பொருளில் சுழற்சிக் கோணத்தை 900 பாகையாக வைத்து, விளையாட்டிலும் அதே எண்ணைக் கொடுங்கள். ஃபார்முலா வகைக் கார்களுக்கு ஏறக்குறைய 360 பாகையும், ஜிடி வகைக் கார்கள் பலவற்றுக்கு 500 பாகைக்கு அருகிலும் போதுமானது. அசெட்டோ கோர்ஸா, ஐரேசிங் போன்ற விளையாட்டுகள் ஒவ்வொரு காருக்கும் ஏற்பத் தாமே குறைத்துக்கொள்ளும். சரிபார்க்க, காரை நிறுத்திவைத்து வீலை 90 பாகை திருப்புங்கள். திரையில் தெரியும் வீலும் அதே அளவு திரும்பினால் சரி.

காரை நகர்த்தியதும் வீல் நடுவுக்குத் திரும்பாமல், ஒரு பக்கமாகக் கடைசிவரை தானாகப் பிடுங்கிக்கொண்டு போனால், ஃபோர்ஸ் ஃபீட்பேக்கின் திசை தலைகீழாக இருக்கிறது. அதை மாற்றும் தேர்வு அமைப்பிலேயே இருக்கும். கார் நகரவே மறுத்தால், பிரேக் பட்டை காலை எடுத்த பின்னும் முழுதாக நிற்கிறதா என்று பாருங்கள். அப்படியென்றால் விளையாட்டின் அமைப்பில் அந்தப் பெடலின் திசையைத் தலைகீழாக மாற்ற வேண்டும்.

10. இழுப்பின் அளவு

முதல் வாரம் வீல்பேஸின் விசையை அரைப்பங்குக்கும் கீழே வைத்து ஓட்டுங்கள். கட்டைவிரலை வீலின் கம்பிகளுக்கு உள்ளே கோத்துப் பிடிக்காமல் விளிம்பின் மேல் வையுங்கள். சுவரில் மோதும் தருணத்தில் வலுவான பேஸ் விரலை முறுக்கிவிடும். விசையை நிறுத்தும் பொத்தான் இருந்தால் அதைக் கைக்கு எட்டும் இடத்தில் பொருத்துங்கள். சிறுவர்கள் ஓட்டும்போது விசையை இன்னும் குறைத்துவிடுங்கள்.

இழுப்பு அதிகமாக இருந்தால் உணர்வும் அதிகமாக இருக்கும் என்று நினைப்பது தவறு. விளையாட்டு அனுப்பும் விசை மோட்டாரின் உச்சத்தை எட்டிவிட்டால், அதற்கு மேல் வரும் வேறுபாடுகள் எல்லாம் வெட்டப்பட்டு ஒரே இறுக்கமாக வரும். டயர் வழுக்கத் தொடங்குவது கைக்குத் தெரியாது. இதைக் கிளிப்பிங் என்கிறார்கள். அசெட்டோ கோர்ஸாவிலும் ஐரேசிங்கிலும் இதைக் காட்டும் பட்டை இருக்கிறது. நீண்ட வேகமான வளைவில் அது சிவப்பாகவே நின்றால் விளையாட்டின் விசை அளவைக் குறையுங்கள். மோதலின்போதும் ஓரக்கல் ஏறும்போதும் ஒரு கணம் சிவந்தால் பரவாயில்லை. நேர்ச்சாலையில் கைவிட்டால் வீல் இருபுறமும் ஆடிக்கொண்டே இருக்கும் டைரக்ட் டிரைவுக்கு, மென்பொருளில் அசைவைத் தணிக்கும் டேம்பிங்கைச் சிறிது கூட்டுங்கள்.

லோட் செல் பிரேக்குக்கு உச்ச விசையை, நீங்கள் அரைமணி நேரம் களைப்பின்றி மிதிக்கக்கூடிய அளவில் வையுங்கள். முப்பது கிலோவில் தொடங்கி வாரத்துக்கு வாரம் கூட்டிக்கொண்டு போகலாம். கால் ஓய்வில் இருக்கும்போதும் பிரேக் பட்டை சிறிது ஏறியிருந்தால் தொடக்கத்தில் இரண்டு சதவீத டெட் ஸோன் (அழுத்தத்தைக் கணக்கில் எடுக்காத பகுதி) கொடுங்கள். அதற்கு மேல் வேண்டாம்.

11. எழுதிவையுங்கள்

ஓட்டம் ஒருமுறை சரியாக அமைந்த அன்றே, டிரைவர் மென்பொருளின் பக்கத்தையும் விளையாட்டின் அமைப்புப் பக்கங்களையும் திரையிலிருந்து படம் பிடித்து ஒரு கோப்புறையில் போட்டுவையுங்கள். மென்பொருள் புதுப்பிப்புக்குப் பின் அமைப்புகள் பழைய நிலைக்குப் போய்விடுவதுண்டு. யுஎஸ்பி கேபிள் செருகியிருக்கும் துளைக்கு அருகில் ஒரு சிறு ஒட்டுத்தாளில் வீல், பெடல் என்று எழுதி ஒட்டுங்கள். துளை மாறினால் சில விளையாட்டுகள் அதைப் புதிய கருவி என்று எடுத்துக்கொள்ளும். பொத்தான்கள் அனைத்தையும் மீண்டும் ஒவ்வொன்றாகப் பதிய நேரிடும். மேசைக் கிளாம்பின் திருகுகளை முதல் மாதத்தில் வாரம் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். அதன்பின் மாதம் ஒருமுறை போதும்.